பிளாஸ்டிக் மாசு எங்கிருந்து வருகிறது: நம் பிடியிலிருந்து நழுவும் இடங்கள்

கேள்வி இது: சுற்றுச்சூழலில் சேரும் பிளாஸ்டிக் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? வீட்டுக் குப்பையா, தொழிற்சாலைகளா, கடலில் விடப்படும் மீன்வலைகளா?

ஒரே வரியில் சொல்லச் சொன்னால், எடைக் கணக்கில் முதலிடம் யாரும் வந்து அள்ளாத குப்பைக்குத்தான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். இன்னும் குப்பையாகவே ஆகாத பிளாஸ்டிக், அதாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் டயர், உடுத்தியிருக்கும் துணி, சுவரில் இருக்கும் பெயின்ட் இவையெல்லாம்கூட தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால் எந்தப் பொருள் கெட்டது என்று பட்டியல் போடுவதைவிட, அந்தப் பொருள் எந்த இடத்தில் நம் பிடியை விட்டு நழுவுகிறது என்று பார்ப்பதே சரியான வழி என்பது என் கருத்து. குப்பை ஒழுங்காகச் சேகரிக்கப்படும் இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் மறுசுழற்சி ஆலைக்குப் போகிறது. சேகரிப்பே இல்லாத இடத்தில் அதே பாட்டில் ஓடைக்குப் போகிறது. பொருள் ஒன்றுதான், போய்ச் சேரும் இடம் வேறு.

முதலில் அளவு. 1950-ல் உலகம் முழுவதும் ஓராண்டில் தயாரான பிளாஸ்டிக் சுமார் 20 லட்சம் டன். இப்போது ஆண்டுக்கு 40 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ரோலண்ட் கெயர், ஜென்னா ஜாம்பெக், காரா லாவெண்டர் லா ஆகிய மூவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, 2015 வரை மனிதர்கள் தயாரித்த மொத்த பிளாஸ்டிக்கை 830 கோடி டன் என்று கணக்கிட்டது. அதில் சுமார் 630 கோடி டன் அதற்குள் கழிவாகியிருந்தது. அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம், மீதி 79 சதவீதம் குப்பைக் கிடங்கிலோ திறந்த வெளியிலோ கிடக்கிறது. இந்த 79 சதவீதம் அப்படியே கடலில் மிதப்பதாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. முறையாக மூடிப் பராமரிக்கப்படும் கிடங்கில் புதைந்திருப்பதும் அதில் சேர்ந்ததுதான். நாம் கவலைப்பட வேண்டியது அங்கேயும் அடங்காமல் வெளியே கசிவதைப் பற்றி. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-ல் மட்டும் அப்படிக் கசிந்தது 2.2 கோடி டன்.

அந்தக் கசிவில் முன்னால் நிற்பது பொட்டலப் பொருள்கள்: பை, உறை, பாக்கெட், பாட்டில், மூடி, தெர்மாகோல் தட்டு. பிளாஸ்டிக் கழிவில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த வகைதான். காரணம் எளிது. கட்டிடத்தில் பதித்த குழாய் சராசரியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த இடத்திலேயே இருக்கும். பொட்டலம் தயாரான சில மாதங்களுக்குள், பல நேரம் பிரித்த சில நிமிடங்களுக்குள், குப்பையாகிவிடும். இந்த ஆண்டு தயாரான பொட்டலம் கிட்டத்தட்ட முழுவதும் இந்த ஆண்டின் குப்பை. அதைத் தாங்கும் ஏற்பாடு ஊரில் இல்லையென்றால் அது வெளியே வழிந்துதானே ஆக வேண்டும்?

உலகில் சுமார் 120 கோடிப் பேருக்குக் குப்பை வண்டியே வருவதில்லை. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கு இதை மையமாக வைத்ததுதான். ஆயிரக்கணக்கான நகராட்சிகளின் தரவை வைத்து அவர்கள் மதிப்பிட்டதில், 2020-ல் சூழலில் கலந்த பிளாஸ்டிக் சுமார் 5.2 கோடி டன். முன்பு சொன்ன 2.2 கோடியைவிட இது அதிகமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், திறந்த வெளியில் எரிக்கப்படுவதையும் இவர்கள் சேர்த்தது. மொத்தத்தில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 3 கோடி டன், அப்படி எரிக்கப்படுகிறது. வீட்டு வாசலில், தெருமுனையில், குப்பைமேட்டில். வசதியான நாடுகளில் பெரிய மூலம் மக்கள் ஆங்காங்கே வீசி எறிவது என்றும், மற்ற நாடுகளில் பெரிய மூலம் சேகரிக்கப்படாத குப்பை என்றும் அதே ஆய்வு பிரித்துச் சொல்கிறது. இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. வீசி எறிபவரிடம் பழக்கத்தை மாற்றச் சொல்லலாம். வண்டியே வராத தெருவில் இருப்பவரிடம் பழக்கத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? அவர் எரிக்க வேண்டும், புதைக்க வேண்டும், அல்லது ஓடையில் போட வேண்டும். நான்காவது வழி அவருக்கு இல்லை.

எரித்தால் பிளாஸ்டிக் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தீர்வதில்லை. தாழ்ந்த வெப்பத்தில், காற்றோட்டம் போதாமல் எரியும்போது கரும்புகையும் நச்சு வாயுக்களும் கிளம்புகின்றன. பி.வி.சி. கலந்திருந்தால் டையாக்சின்கள் என்ற கொடிய நச்சுகள் உருவாகும். பாதி எரிந்த துணுக்குகள் சாம்பலோடு சேர்ந்து மண்ணில் தங்கும், அடுத்த மழையில் ஓடும். மாசு உருமாறுகிறது, அவ்வளவுதான். அதை முதலில் சுவாசிப்பதும் எரிப்பவரும் அவர் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

சரி, குப்பையை அள்ளிவிட்டால் போதுமா? அள்ளியதை எங்கே கொட்டுகிறோம் என்பது அடுத்த கசிவு. பல ஊர்களில் குப்பை கொட்டும் இடம் ஆற்றங்கரை, ஏரிக்கரை, உப்பங்கழி, சதுப்புநிலம் இவற்றை ஒட்டியே அமைந்துவிடுகிறது, ஏனென்றால் யாரும் வீடு கட்டாத மலிவான நிலம் அது. மேலே மண் மூடாத மேட்டிலிருந்து காற்று மெல்லிய பைகளைத் தூக்கிச் செல்கிறது. மழை பக்கவாட்டில் அரிக்கிறது. வெள்ளம் வந்தால் மேட்டின் ஒரு பகுதியே சரிந்து போகும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். உலகின் பல நகரங்களில் மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுப்பவர்கள் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் தொழிலாளர்கள். எந்தப் பொருளுக்கு எடைக்குக் காசு கிடைக்குமோ அதை அவர்கள் எடுக்கிறார்கள். குடிநீர் பாட்டில், கெட்டியான டப்பா, குடம், நாற்காலி இவையெல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில் சிக்கிவிடும். சிக்காமல் தப்புவது மெல்லிய பையும் சிறு பாக்கெட்டும். ஒரு கிலோ சேர ஒரு பாட்டில் குவியல் போதும். அதே எடைக்குச் சின்னச் சின்ன பாக்கெட்டுகளை ஆயிரக்கணக்கில் குனிந்து எடுக்க வேண்டும். எடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. ஷாம்பு, மசாலா, நொறுக்குத்தீனி அடைக்கும் பாக்கெட்டில் பாலித்தீன், பாலியெஸ்டர், அலுமினியப் படலம் என்று பல அடுக்குகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வேலை: ஒன்று ஈரத்தைத் தடுக்கும், ஒன்று காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்கும், ஒன்று சூட்டில் ஒட்டும். உள்ளே இருப்பதைக் காக்கும் அதே அடுக்குகள்தான் மறுசுழற்சியைத் தடுக்கின்றன, ஏனென்றால் அவற்றைப் பிரிக்கக் கட்டுப்படியான வழி இல்லை. ஓடைக்கரையில் பெரும்பாலும் பாட்டிலைவிட பாக்கெட்டும் பையும் மிகுதியாகக் கிடப்பதன் காரணம் இது. அந்தப் பொருளை வடிவமைத்த நாளிலேயே அது எங்கே போய்க் கிடக்கும் என்பது முடிவாகிவிடுகிறது. இதற்கு வாங்குபவரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

மெல்லிய பை மழைநீர் வடிகாலை அடைத்தால் தண்ணீர் தெருவில் தேங்கும். வங்கதேசத்தில் 1988, 1998 பெருவெள்ளங்களின்போது வடிகால்களைப் பாலித்தீன் பைகள் அடைத்தது வெள்ளத்தின் பாதிப்பைக் கூட்டியது. 2002-ல் அந்த நாடு மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடை செய்தது, உலகிலேயே முதல் நாடாக. தடை வந்தபின்னும் பைகள் முழுதாக ஒழியவில்லை. மலிவான மாற்று கையில் இல்லாத இடத்தில் சட்டம் தனியாக நின்று போராட வேண்டியிருக்கிறது.

அடைக்காமல் தப்பிய குப்பை கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போகிறது. உலகின் கடல் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதியைப் பத்தே ஆறுகள் கொண்டுவருகின்றன என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தி எங்கும் சுற்றியது. இன்னும் சுற்றுகிறது. 2021-ல் வந்த விரிவான ஆய்வு அதை மாற்றிவிட்டது: ஆறுகள் வழியாகக் கடல் சேரும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதத்தைக் கொண்டுவருபவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள். அளவு ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் வரை. அதில் நகரங்களின் ஊடே ஓடும் சிறிய ஆறுகளின் பங்கு பெரியது. பத்துப் பெரிய ஆறுகளைச் சுத்தம் செய்தால் முடிந்தது என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை. கடலை ஒட்டிய, மழை மிகுந்த, குப்பை சேகரிப்பு குறைந்த ஒவ்வொரு ஊரின் வாய்க்காலும் கணக்கில் வருகிறது.

ஆற்றில் விழுந்ததெல்லாம் கடலுக்குப் போய்விடுவதும் இல்லை. நாணலில் சிக்கும், கரை மரங்களின் வேரில் சுற்றிக்கொள்ளும், அணையின் அடிச் சேற்றில் புதையும், வயலில் ஒதுங்கும். பல ஆண்டுகள் அப்படியே கிடந்துவிட்டு ஒரு பெருவெள்ளத்தில் மொத்தமாகக் கிளம்பும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதி ஆறுகளின் படுகையில் தங்கியிருந்த நுண்பிளாஸ்டிக்கில், அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்களில், சுமார் 70 சதவீதத்தை வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது என்று 2018-ல் வந்த ஆய்வு காட்டியது. கடலைப் பற்றியே பேசிப் பேசி ஆற்றையும் மண்ணையும் மறந்துவிடுகிறோம் என்பது என் வருத்தம். பிளாஸ்டிக் மாசில் பெரும்பகுதி நிலத்தில்தான் கிடக்கிறது.

குப்பை நாடு விட்டு நாடு போவதும் ஒரு வழி. பல ஆண்டுகளாக வசதியான நாடுகள் தங்கள் பிளாஸ்டிக் கழிவை மறுசுழற்சி என்ற பெயரில் கப்பலில் ஏற்றி ஆசிய நாடுகளுக்கு அனுப்பின. 2018 தொடக்கத்தில் சீனா கதவை மூடியதும் அந்தக் கப்பல்கள் மலேசியா, வியட்நாம், தாய்லாந்து போன்ற நாடுகளின் பக்கம் திரும்பின. பிரிக்க முடியாத அழுக்குக் கலவை வந்து இறங்கிய ஊர்களில் அது கொட்டப்பட்டது, எரிக்கப்பட்டது. அபாயக் கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தத்தில் செய்த திருத்தம் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இப்படிப்பட்ட கலவைக் கழிவை அனுப்புவதற்கு முன் பெறும் நாட்டின் ஒப்புதல் வேண்டும். ஏற்றுமதி செய்த நாட்டின் ஏட்டில் மறுசுழற்சி என்று பதிவானது, இறக்குமதியான நாட்டில் மாசாக மாறியது. எந்த நாடு எவ்வளவு மாசு தருகிறது என்ற பட்டியல்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீசி எறிவதைப் பற்றிப் பேசும்போது சிகரெட் துண்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் பஞ்சு பருத்தி என்று பலர் நினைக்கிறார்கள். அது செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் இழை. எண்ணிக்கையில் பார்த்தால் உலகிலேயே அதிகம் வீசப்படும் பொருள்களில் ஒன்று. நிகோட்டினும் புகையில் வந்த நச்சுகளும் அதில் ஊறியிருப்பதால், மழைநீரில் அவையும் சேர்ந்து இறங்குகின்றன. உறிஞ்சுகுழலைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இதைப் பற்றி எழுதப்படவில்லை. உறிஞ்சுகுழலைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் எடையில் அது மொத்த மாசில் மிகமிகச் சிறிய பங்கு.

இனி கடலுக்கே உரிய மூலங்கள். வட பசிபிக்கின் நடுவில் நீரோட்டங்கள் குப்பையைச் சேர்த்துவைத்திருக்கும் பரப்பை 2018-ல் ஓர் ஆய்வுக் குழு அளந்தது. சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 79,000 டன் பிளாஸ்டிக். அதில் 46 சதவீதம் மீன்வலைகள். இதை வைத்து, கடல் பிளாஸ்டிக்கில் பாதி வலைதான் என்று சொல்லிவிடக் கூடாது. கடலின் நடுவரை தாக்குப்பிடித்து மிதந்து போவது கெட்டியான, மிதக்கும் தன்மையுள்ள பொருள்கள் மட்டுமே. பாலித்தீன் வலையும் கயிறும் மிதக்கும். குடிநீர் பாட்டில் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனமானது. மூடி போனதும் நீர் நிரம்பி மூழ்கிவிடும். மெல்லிய பைகளில் பாசி படிந்து அவையும் இறங்கும், அல்லது கரையிலேயே ஒதுங்கும். நடுக்கடலில் ஒரு படம், கடற்கரையில் ஒரு படம், அடிப்பரப்பில் இன்னொரு படம். எங்கே நின்று எண்ணுகிறோமோ அதற்கேற்ப முக்கிய மூலம் மாறும். கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

வலைகளை மீனவர்கள் வேண்டுமென்றே வீசுகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலை அவர்களுடைய முதலீடு. பெரும்பாலும் அது பாறையிலோ மூழ்கிய கப்பலிலோ மாட்டி அறுந்து போகிறது, புயலில் போகிறது, வேறொரு படகின் இழுவலை குறுக்கே வந்து இழுத்துக்கொண்டு போகிறது. கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்தாலும் துறைமுகத்தில் வாங்கி வைக்க ஏற்பாடு இல்லாவிட்டால், அல்லது அதற்குக் கட்டணம் கேட்டால், சிலர் கடலிலேயே விட்டுவிடுவதும் உண்டு. சட்டவிரோதமாக மீன்பிடிக்கும் கப்பல்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வலையை அறுத்துவிட்டு ஓடுவதும் உண்டு. கப்பல்களிலிருந்து எந்த பிளாஸ்டிக்கையும் கடலில் போடக் கூடாது என்ற மார்போல் ஒப்பந்த விதி 1988 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடுக்கடலில் அதைக் கண்காணிப்பது கடினம். இப்படி விடப்பட்ட வலை ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளில்லாமல். எடையைத் தாண்டி, உயிர்களுக்கு நேரடியாகச் செய்யும் கேட்டில் இதற்கு ஈடான பிளாஸ்டிக் குறைவு. மீன், சிப்பி வளர்க்கும் பண்ணைகளில் மிதவைக்குப் பயன்படும் தெர்மாகோலும் இதே வரிசையில் வரும். வெயிலிலும் அலையிலும் அது மணி மணியாக உதிரும், பொறுக்கவே முடியாது.

தொழிற்சாலைகள் பக்கம் வந்தால், பலருக்குத் தெரியாத மூலம் ஒன்று இருக்கிறது: எந்தப் பொருளாகவும் ஆகாத மூல பிளாஸ்டிக். ஆலைகளுக்கு அது பயறு அளவிலான குருணையாகத்தான் போகிறது. நர்டில் என்பார்கள். மூட்டை கிழிந்து, லாரியில் ஏற்றும்போது சிந்தி, ஆலைத் தரையைக் கழுவும் நீரோடு சேர்ந்து வடிகாலில் இறங்கிவிடும். அன்றாடச் சிதறல் கண்ணில் படுவதில்லை. விபத்து நடந்தால்தான் உலகம் பார்க்கிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 டன் குருணை அதிலிருந்து போய், இலங்கையின் மேற்குக் கரையில் பனி பெய்ததுபோல் குவிந்தது. மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் நின்றார்கள். மணலைச் சலித்துச் சலித்து எடுத்தார்கள். மீன்முட்டை போல் தோற்றமளிப்பதால் மீன்களும் கடற்பறவைகளும் குருணையை விழுங்கிவிடும் அபாயம் உண்டு. ஒருமுறை மணலில் கலந்துவிட்டால் முழுதாக மீட்பது நடக்காத காரியம்.

இனி சொல்லப்போவது, என் பார்வையில், பொதுமக்கள் பேச்சில் மிகக் குறைவாக வருவது: தேய்மானம்.

டயரின் ரப்பரில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர். ஒவ்வொரு பிரேக்கிலும் ஒவ்வொரு வளைவிலும் அது சாலையில் உரசித் துகளாகிறது. டயர் மொட்டையாகிவிட்டது என்று மாற்றுகிறோமே, தேய்ந்த அந்த ரப்பர் எங்கே போயிற்று? 2017-ல் வந்த ஓர் ஆய்வு இதை உலகச் சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 0.81 கிலோ என்று மதிப்பிட்டது. கார் வைத்திருக்காதவரையும் சேர்த்த சராசரி இது. துகள் சாலையோரத்தில் படிந்து, மழையில் வடிகாலுக்குள் இறங்குகிறது. அதனோடு டயரில் கலந்த ரசாயனங்களும் போகும். அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில், முட்டையிடத் திரும்பி வரும் கோஹோ சால்மன் மீன்கள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் செத்து மிதந்தன. காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 2020 இறுதியில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: டயர் ரப்பரில் விரிசல் விழாமல் காக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் ஒரு நச்சு. யாரும் எதையும் வீசவில்லை, எந்தக் குழாயும் உடையவில்லை, வண்டிகள் சாதாரணமாக ஓடின. அதுவே போதுமானதாக இருந்தது. மின்வண்டி வந்தால் புகை போகும், டயர் தேய்மானம் போகாது. பேட்டரியின் கனத்தால் கூடவும் வாய்ப்புண்டு.

துணியும் அப்படித்தான். பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாம் பிளாஸ்டிக் இழைகள். பிளிமத் பல்கலைக்கழகம் 2016-ல் செய்த சோதனையில், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை சலவை இயந்திரத்தில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரலாம் என்று தெரிந்தது. பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் உதிர்ந்தது அதைவிட மிகக் குறைவு. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2017-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், கடலுக்கு நுண்துகளாகவே போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில் 35 சதவீதம் செயற்கைத் துணிகளிலிருந்து, 28 சதவீதம் டயர்களிலிருந்து. இந்தக் கணக்கு பெரிய பொருள்கள் உடைந்து உருவாகும் துகளைச் சேர்க்காதது என்பதை மறந்துவிட வேண்டாம். அப்புறம் சாலைக் கோடுகளின் பெயின்ட், கப்பலின் வெளிப்பூச்சு, கட்டிடப் பூச்சு, செயற்கைப் புல் மைதானத்தில் தூவும் ரப்பர் மணிகள். இவையும் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன.

முகம் கழுவும் கிரீமில் சேர்த்த நுண்மணிகள் இவற்றோடு ஒப்பிட்டால் சிறிய பங்கு. அமெரிக்கா 2015-ல் கழுவிவிடும் அழகுப்பொருள்களில் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றியது, வேறு பல நாடுகளும் தொடர்ந்தன. தேவையே இல்லாத ஒன்றைச் சேர்க்காமல் விடுவது எளிது என்பதால் இது வேகமாக நடந்தது. டயருக்கும் துணிக்கும் அப்படி ஒரு குறுக்குவழி இல்லை.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இழைகளைப் பிடிக்காதா என்று கேட்கலாம். பிடிக்கும். நன்றாக இயங்கும் நிலையம் நுண்பிளாஸ்டிக்கில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரிலிருந்து பிரித்துவிடுகிறது. பிரித்தது எங்கே போகிறது? கசடில் தங்குகிறது. அந்தக் கசடைப் பல நாடுகளில் எருவாக வயலில் போடுகிறார்கள். ஆற்றுக்குப் போகவிருந்தது வயலுக்குப் போயிற்று. மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடும் நகரங்களில் கனமழை பெய்தால் நிலையம் தாங்காமல், சுத்திகரிக்காத நீரே ஆற்றில் திறந்துவிடப்படுகிறது. கழிப்பறையில் போடும் ஈரத்துடைப்பான், சானிட்டரி நாப்கின், காதுகுடையும் குச்சி எல்லாம் அந்த வழியில் வெளியே வந்துவிடும்.

விவசாயம் தன் பங்குக்கு நேரடியாகவே பிளாஸ்டிக்கை மண்ணில் வைக்கிறது. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் 2021 அறிக்கை, பயிர், கால்நடை, மீன்வளம், வனம் ஆகியவற்றின் உற்பத்தியில் ஆண்டுக்கு 1.25 கோடி டன் பிளாஸ்டிக் பயன்படுவதாகச் சொன்னது. களையைத் தடுக்கவும் ஈரத்தைக் காக்கவும் விரிக்கும் மூடாக்குத் தாள், சொட்டுநீர்க் குழாய், நாற்றங்கால் பை, பசுமைக்குடில் கூரை. இவற்றில் மூடாக்குத் தாள்தான் பெரிய தலைவலி. மலிவுக்காக மிக மெல்லியதாகச் செய்யப்படுவதால் அறுவடைக்குப் பின் சுருட்டி எடுக்கும்போது கிழிந்துவிடும். உழவில் துண்டு துண்டாகி மண்ணுக்குள் போகும், அடுத்த ஆண்டு அதன்மேல் இன்னொரு தாள். பல ஆண்டுகள் சேர்ந்தால் வேர் இறங்குவதையும் நீர் இறங்குவதையும் அது தடுக்கத் தொடங்குகிறது. மெதுவாகக் கரைய வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்டிக் உறையிட்ட உர மணிகளும் இருக்கின்றன. உரம் கரைந்தபின் வெற்று உறை வயலில் தங்கும். ஜப்பானின் கடற்கரைகளில் நெல்வயலிலிருந்து வந்த அந்த உறைகள் ஒதுங்குகின்றன. விளைச்சலைக் கூட்டி, தண்ணீரை மிச்சப்படுத்தும் பொருள்கள் இவை, விவசாயியைத் தடுக்க யாருக்கும் மனம் வராது. தாளைக் கொஞ்சம் தடிமனாகச் செய்து, பயன்படுத்தியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பொறுப்பை விற்பவரிடம் வைத்தால் இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

பெரிய துண்டு சிறிய துண்டாகும் விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளை அறுக்கிறது, பொருள் மொரமொரப்பாகிறது, அலையும் காற்றும் அதை நொறுக்குகின்றன. சூடான மணலில் இது வேகமாக நடக்கும்; ஆழ்கடலின் இருட்டிலும் குளிரிலும் மிக மெதுவாக. ஒரு பை இப்படி ஆயிரக்கணக்கான துகளாகலாம், அதன் மொத்த எடை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சில வகைப் பைகளில் இந்த நொறுங்கலை விரைவுபடுத்தும் பொருளைச் சேர்த்து, மக்கும் பை என்று விற்றார்கள். துகளாவது வேறு, மக்குவது வேறு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் அவற்றைத் தடை செய்தது. துகள் சிறிதானால் காற்றிலும் ஏறும். பிரான்ஸின் பிரனீஸ் மலையில், நகரங்களிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஓர் இடத்தில், ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 365 பிளாஸ்டிக் துகள்கள் விழுவதாக 2019-ல் வந்த ஆய்வு காட்டியது.

சரி, உங்கள் சுற்றுப்புறத்தில் எந்த மூலம் பெரியது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், உலகச் சராசரிகளைவிட நேரில் எண்ணுவது நல்லது. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் அமைப்பு கடற்கரையில் 100 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதில் கிடக்கும் ஒவ்வொன்றையும் வகைபிரித்து எண்ணும் முறையைப் பல ஆண்டுகளாகப் பின்பற்றுகிறது. ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் அதே முறை பொருந்தும். எண்ணும்போது பொருளே தான் வந்த வழியைச் சொல்லும். காதுகுடையும் குச்சிகள் மிகுதியாக இருந்தால் மேலே எங்கோ சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் கலக்கிறது. நர்டில் குருணை இருந்தால் அருகில் ஒரு ஆலையோ சரக்கு ஏற்றும் இடமோ இருக்கிறது. கருகிய, உருகிய கட்டிகள் இருந்தால் குப்பை எரிக்கப்படுகிறது. பாட்டிலில் கொட்டலசு (மிதக்கும் பொருள்களில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடல் உயிரி) ஒட்டியிருந்தால் அது நெடுநாள் கடலில் மிதந்து வந்தது, உங்கள் ஊருடையதாக இல்லாமலும் இருக்கலாம். பாக்கெட்டும் பையும்தான் அதிகம் என்றால் சேகரிப்பு சரியில்லை. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அதே இடத்தில் எண்ணுங்கள். டயர் துகளும் துணி இழையும் இந்த முறையில் அகப்படாது. அவற்றுக்கு நீரையும் சேற்றையும் வடிகட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அருகிலுள்ள கல்லூரி ஆய்வகம் ஒன்று உதவினால் அதுவும் முடியும்.